கூட ஒரு ஆளுக்கு அனுமதி

1

வாசகசாலையில் இதை உரக்கப் படிக்கிறவருக்கும், போட்டது போட்டபடி வந்து சுற்றி உட்கார்ந்து கேட்கிற நம் ஊர்ச் சனங்களுக்கும், தாராவியிலிருந்து பேச்சியம்மாள் சொல்கிறேன். நான் சௌக்கியம். ரொம்பச் சௌக்கியம். பதினைந்து நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பம்பாய்ப் பிழைப்பைப் பற்றி யாராவது எழுதி அனுப்புங்கள் என்று நீங்கள் போட்ட காகிதம், இங்கே நம் ஊர்க்காரர்கள் கையில் நாலு மாசம் சுற்றியது. ஒருத்தருக்கு ஷிப்டு, ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு வெறும் சோம்பல். கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஆச்சி, நீங்கதான வாய் ஓயாம பேசுதிய, நீங்களே சொல்லிப்போடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு எழுத்தும் தெரியாது, ஐந்து வருஷமாகக் கண்ணும் தெரியாது. புரை விழுந்த கண்ணை ஊருக்கு வந்து ஒருத்தரிடம் காட்டினேன். அவர் ஊசி வைத்ததில், இருந்த மங்கல் வெளிச்சமும் அணைந்துபோனது. அது உங்களுக்குத் தெரிந்த கதை, விடுங்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் வடிவு. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்தவள். நான் பேசுகிறபடியே எழுதினால் ஊரில் சிரிப்பார்கள் என்று எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். சண்டை போட்டு, ஆட்கள் பேசினதை மட்டும் பேசின மாதிரியே எழுத வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இதில் என் மகன் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. எழுதுகிறவள் அவன் பெண்டாட்டி. கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மை சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாயாலும் சொல்ல மாட்டாள், கையாலும் எழுத மாட்டாள். அவன் பெயர் ஓர் எண்ணில் தொடங்கும். அந்த எண்ணையும் சொல்ல மாட்டாள். முட்டை வாங்கப் போனால் ஐந்து முட்டை கேட்டு, வாங்கிப் பையில் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு முட்டை கேட்பாள். நம் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுமே, ஐப்பசியில் இரு கரையும் தொட்டுக்கொண்டு போகுமே, அதை நான் சொன்னாலும் இவள் "ஓடை" என்றுதான் எழுதுவாள். ஓடையாம்! ஊரார் மன்னிக்க வேண்டும்.

2

நான் பந்தாட்டம் பார்க்கப் போகத் தொடங்கி இந்த மழையோடு இரண்டு வருஷம் ஆகிறது. "பார்க்க" என்று சொன்னதும் அங்கே யாரோ சிரிக்கிறது எனக்கு இங்கே கேட்கிறது. சிரியுங்கள்.

என் மகன் தோல் பட்டறையில் வேலை செய்கிறான். பட்டறை ஆட்கள் சேர்ந்து ஒரு பந்தாட்டக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள். அதில் இவன் கோலி. கோலி என்றால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று, வருகிற பந்தை உள்ளே விடாமல் பிடிக்கிறவன். மற்றவர்கள் காலால் ஆடுவார்கள், இவன் ஒருத்தன்தான் கையால் தொடலாம். மழைக்காலத்தில்தான் ஆட்டம். தாதருக்கு அந்தப் பக்கம் மில்லுகள் நடுவில் ஒரு மைதானம். சாக்கும் மூங்கிலும் வைத்துச் சுற்றி அடைத்திருப்பார்கள்.

கண் போன பிறகு நான் இருந்த இருப்பு எட்டடி அறையில் ஒரு மூலை. பேத்தி செல்லம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச்சுத் துணை. அவளும் தமிழை மறந்துகொண்டு வருகிறாள். "ஏட்டி, ஆச்சிக்குத் தண்ணி கொண்டா" என்றால், "தாதி, ஏக் மினிட்" என்று ஓடிவிடுவாள். பாட்டி, ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த நிமிஷம் சாயங்காலம் வரை நீளும். தமிழ் எழுத்தைக் காட்டினால் புழு நெளிகிற மாதிரி இருக்கிறதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது, "என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"அங்க வந்து என்னம்மா செய்வ?"

"உக்காந்திருப்பேன். இங்க செய்ததத்தான் அங்கயும் செய்யப் போறேன்."

சரி, வா என்றான். ஆனால் அவன் மைதானத்துக்குள் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க ஓர் ஆள் வேண்டும். வடிவைத் தவிர வேறு யார்? வயசுப் பெண்கள் யாரும் அங்கே போகிறதில்லை. அக்கம்பக்கம் என்ன பேசும் என்று அவள் பயந்தாள். நான் சொன்னேன், "நீ எங்கட்டி போற? நான்லா போறேன். நீ எனக்குக் கம்பு." அப்படியே எதிர்வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டேன். கம்பைப் பார்த்து யாரும் கண் வைக்க மாட்டார்கள்.

3

போய்ப் பார்த்தால், வாசலில் விட மாட்டேன் என்கிறார்கள். யுத்தத்தில் காயம்பட்டு வந்தவர்களுக்கும் மில்லில் கைகால் போனவர்களுக்கும் உள்ளே கூரை போட்டு ஒரு பெஞ்சு வைத்திருக்கிறார்கள். அதில் உட்காரச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்க டாக்டர் காகிதம் வேண்டும். மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு டாக்டர் என் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "பாட்டி, நன்னா இருட்டா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அதைக் கொண்டுபோய் மைதானத்து ஆபீஸ் ஜன்னலில் கொடுக்க வேண்டும். பெரிய வரிசை. வடிவு என்னைப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். வெகு நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். மூச்சு வாங்குகிறது.

"என்னட்டி, குடுக்கலையா?"

"உங்களுக்குக் குடுக்காகளாம் அத்த. கூட வார ஆளுக்குத் தனியா எழுதணுமாம்."

"எழுத வேண்டியதான?"

"கேக்கக் கூடாததக் கேக்காக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு, "எவன் அவன், கூட்டிட்டுப் போ" என்று ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த மராட்டிக் கிளார்க்கு பாவம், நல்ல மனுஷன். "ஆயி, நான் என்ன கேட்டேன்? புருஷன் பேர் என்ன என்றுதானே கேட்டேன்" என்று இந்தியில் சொல்கிறான். பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெயராக எடுத்துவிடுகிறார்கள். ராமனா? கோபாலா? அப்துல்லாவா? வடிவு என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள்.

நான் பெற்றவள், எனக்கு என்ன தடை? மகன் பெயரைச் சொன்னேன். கிளார்க்கு எழுதவில்லை. "ஆயி, உன் காகிதத்துக்கு நீ சொல்லு. அவள் காகிதத்துக்கு அவள்தான் சொல்ல வேண்டும். அதுதான் காயிதா" என்றான். காயிதா என்றால் சட்டம். இந்த ஊரில் எதற்கும் ஒரு காயிதா உண்டு.

அப்புறம் அவனே சிரித்துவிட்டான். அவன் பெண்டாட்டியும் அவன் பெயரைச் சொல்ல மாட்டாளாம். அவர்கள் வழக்கத்தில், கல்யாணத்திலும் நல்ல நாளிலும் மட்டும், ஒரு பாட்டுக்குள் மறைத்து வைத்துப் புருஷன் பெயரைச் சொல்லலாமாம். "உன் மருமகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லு, சீட்டு தருகிறேன்" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. "அத்த, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள் இவள்.

நான் விடவில்லை. அவன் அடுத்ததாக, கண் தெரியாதவள் இங்கே வந்து எதைப் பார்க்கப் போகிறாள் என்று வேறு கேட்டான். தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: "நான் பாக்கது கெடக்கட்டும் பேட்டா. எம் மவன் என்னயப் பாக்கணும்லா? கம்பத்துக்கு நடுவுல தனியா நிக்கான்."

கொஞ்ச நேரம் பேனா சத்தம் கேட்டது. புருஷன் பெயர் போட வேண்டிய இடத்தில் "மாமியார் சொன்னபடி" என்று எழுதி, என் பெயருக்குக் கீழே "கூட ஒரு ஆளுக்கு அனுமதி" என்று முத்திரை குத்திக் கொடுத்தான். அந்த முத்திரைச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி, என் தலைப்பிரசவத்தில் பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது வந்த நிம்மதி மாதிரி இருந்தது. காகிதத்துக்குப் போய் இவ்வளவா என்பீர்கள். இங்கே வந்து இருந்து பாருங்கள்.

4

நம் ஊரில் கோயில் கொடைக்குச் சடுகுடு நடந்தால் பொம்பளைகள் எங்கே நின்று பார்ப்போம்? மாட்டுத்தொழுவத்துப் படலில் ஓட்டை போட்டு, அதில் ஒற்றைக் கண்ணை வைத்து. இரண்டு கண்ணும் இருந்த காலத்தில் எனக்கு அதுதான் கிடைத்தது. கண் போன பிறகு, பம்பாயில், முதல் வரிசையில் பெஞ்சு.

ஆனால் முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வடிவு காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "அவுக பந்த எடுத்துட்டாக. அவுக ஓடுதாக. இவுக மறிக்காக. அவுக கீழ விழுந்துட்டாக." எல்லா ஆம்பிளைகளுக்கும் மரியாதை. யார் நம் ஆள், யார் எதிராளி, யார் என் மகன்? பந்து கம்பத்துக்குள் போனதும் "அவுக போட்டுட்டாக" என்றாள். நான் கை தட்டினேன். போட்டது எதிராளி. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

அன்றைக்கு டிராமில் திரும்பும்போது திட்டம் போட்டேன். "வடிவு, உம் புருசனுக்கு மட்டும் 'அவுக'. மத்த எல்லாவனுக்கும் 'அவன்'."

"அத்தன ஆம்பிளையையும் அவன் இவன்னா சொல்லச் சொல்லுதிய?"

"பந்தாட்டத்துல மரியாத பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்காதுட்டி."

முதலில் நாக்குக் கூசினாள். இரண்டு ஆட்டம் போனதும் பாருங்கள்: "தாவூது எடுத்துட்டான். குடுடா குடுடா! குடுக்காம வச்சிருக்கான், மூதி. பறிச்சுட்டான் அந்த நெட்டையன். வாரான், வாரான், அத்த, வாரான்... அவுக முன்னால வந்துட்டாக. புடிச்சுட்டாக!" அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் மாறுவதை வைத்தே எனக்கு எல்லாம் தெரியும். அவன் நன்றாகப் பிடித்தால் தாழ்ந்து வரும், தடுமாறிப் பிடித்தால் உச்சத்துக்குப் போகும். எட்டு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறோம், இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் பேசுகிறது பாத்திரத்துக்குக்கூடக் கேட்காது.

பந்து நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று நானே சத்தத்தில் சொல்லிவிடுவேன். நாற்பது வருஷம் தாராவித் தோல் பட்டறைகள் நடுவில் இருந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? பெஞ்சில் என் வலப்பக்கம் பாண்டு என்று ஒரு மராட்டிக்காரன். மில் மிஷின் அவன் இடது கையைத் தின்றுவிட்டது. ஒற்றைக் கையால் எப்படித் தட்டுவான்? நம் கோஷ்டி கோல் போட்டால் என் கையை விரிக்கச் சொல்லி, என் உள்ளங்கையில் ஓங்கி அடிப்பான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு கைதட்டல். என் கை சிவந்துபோகும் என்று வடிவு சொல்வாள். அந்தச் சிவப்பை ராத்திரி வரைக்கும் தடவிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் செல்லம் சந்தில் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பாள். அப்பன் பெயரைத் தொண்டை கிழியச் சொல்லி, "பகடோ, பகடோ" என்று கத்துவாள். பிடி, பிடி என்று அர்த்தம். வடிவு காதைப் பொத்திக்கொள்வாள். பம்பாய்ப் பிள்ளை, அதற்கு ஒரு பெயர் இன்னொரு பெயர் மாதிரிதான்.

5

இப்போது போன வாரத்துக்கு முந்தின வாரம். இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம். எதிரே ஒரு மில் கோஷ்டி. அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். நம் பையன்கள் காலில் துணிக்கட்டு. காலையிலிருந்து மழை. முதல் பாதியில் நாம் ஒன்று போட்டோம், பாண்டு என் கையை உடைத்தான். இரண்டாம் பாதியில் என் மகன் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்துக் கம்பத்துக்கு வந்தான். அவன் சேற்றில் காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் அத்த. மில்லுக்கார நெட்டையன் ஒருத்தன் கொண்டாரான். ரெண்டு பேரத் தாண்டிட்டான். அவுக வெளிய வாராக. அவுக பாய்ஞ்சிட்டாக..."

அதோடு நின்றுவிட்டது.

ஒரு சத்தம் கேட்டது. தோல் சத்தம் இல்லை. எனக்குத் தெரியும், அது தோல் இல்லை. அப்புறம் அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். கண் தெரியாதவளுக்கு அதைவிடப் பயங்கரம் கிடையாது. சத்தம் போனால் எனக்கு உலகமே போன மாதிரி.

"என்னட்டி? வடிவு, என்னட்டி ஆச்சு?"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பாண்டு என்னவோ மராட்டியில் முனகினான். "சொல்லுட்டி, சொல்லித் தொலயேன்!" என்று நான் அவளை உலுக்கினேன். அவள் என் கையை உதறிவிட்டு எழுந்தாள். எழுந்து, கத்தினாள்.

அவன் பெயரை. முழுப் பெயரை. ஒரு தடவைதான். அந்த நிசப்தத்தில் அது மைதானத்துக்கு அந்தக் கோடி வரை போயிருக்கும்.

நான் என் மகன் பெயரை எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி கேட்டதில்லை.

"எழுந்து உக்காருதாக" என்றாள் பிறகு, எப்போதும் பேசுகிற சின்னக் குரலில். "தலையில ரத்தம். பந்து கையிலயே இருக்கு." பூட்ஸ் காலில் தலையைக் கொடுத்திருக்கிறான், பந்தை விடவில்லை. கூட்டம் இரைந்தது. பாண்டு என் கையைத் தேடி எடுத்து, அடிக்காமல், சும்மா பிடித்துக்கொண்டான்.

ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். அதை நான் மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெற்றியில் தையல், மூன்று நாள் படுத்திருக்க வேண்டும், தலைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

அந்த மூன்று நாளும் வடிவு ஒரு வாய் சோறு தின்னவில்லை.

"நான் கொன்னுட்டேன் அத்த. பேரச் சொல்லிட்டேன். நான் சொன்னதுனாலதான் தலைக்குள்ள ஏதோ இருக்குங்காக."

"அவன் விழுந்ததுக்குப் பொறவுதானட்டி நீ சொன்ன?"

"முன்ன என்ன, பொறவு என்ன அத்த? சொன்னா சொன்னதுதான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். உன் மாமனாரை, அதாவது என் வீட்டுக்காரரை, நான் ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. அவர் போனது என்ன வயசில்? ஐம்பதுகூட ஆகவில்லை. சொல்லாமல் இருந்து நான் எத்தனை வருஷத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்? அவர் போன பிறகு, அறையில் யாரும் இல்லாத ஒரு பகலில், அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாரோ வெளியூர்க்காரர் பெயர் மாதிரி இருந்தது.

அவள் அழுகை நிற்கவில்லை. அப்போதுதான் ஒரு பொய்யைப் போட்டேன். "இந்தா, கேளு. கத்துனது நீயில்ல. நான்தான். பெத்தவ கூப்பிட்டா எந்த ஆயுசும் குறையாது. யாரு கேட்டாலும் நான்தான் கூப்பிட்டேன். தெரிஞ்சதா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாண்டுக்குத் தெரியுமே" என்றாள்.

"பாண்டுக்கு நம்ம பேச்சு வெளங்காது. கஞ்சியக் குடி."

ஐந்தும் ஒன்றும்

(இந்தப் பகுதிக்கு எண் போடச் சொன்னேன். அவள் போட்டிருக்கிற லட்சணம் இதுதானாம்.)

நாலாம் நாள் மகன் நடந்தே வீட்டுக்கு வந்தான். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "அத நான் அப்பவே சொல்லியிருப்பேனே" என்றேன். சிரித்தான். சிரித்தால் தையல் இழுக்கிறது என்றான். செல்லம் அவன் தலைக்கட்டைத் தொட்டுத் தொட்டு என்னவெல்லாமோ இந்தியில் கேட்டது. அந்த இந்தி எனக்கு அன்றைக்குத் தேனாக இருந்தது.

சாயாவைக் குடித்துக்கொண்டே கேட்டான். "அம்மா, நான் விழுந்து கெடக்கும்போது யாரும்மா கூப்பிட்டா?"

"நான்தான்."

"நீயா?"

"பின்ன? கண்ணுதான் இல்ல, தொண்ட இல்லையா?"

சாயா முழுவதையும் உறிஞ்சிக் குடித்தான். அடுப்புப் பக்கம் வடிவின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, எனக்கு முப்பத்திரெண்டு வயசு ஆகுது. என்னைக்காவது நீ என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கியா? 'ஏலே' தான. கோவம் வந்தா 'ஏலே மூதி'. பள்ளிக்கூடத்து வாத்தியாருகிட்டயே 'எங்க ஏலே வந்தானா'ன்னுதான கேட்ட?"

யோசித்துப் பார்த்தேன். நிஜம்தான். அந்த ஜன்னல் கிளார்க்கிடம் ஒரு தடவை சொன்னதோடு சரி. ஆசையாகப் பெயர் வைத்தவள் நான், கூப்பிடாமல் விட்டதும் நான்.

"கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா. எது மேல, எது கீழனு தெரியல. அந்தச் சத்தம் வந்த பக்கமாத்தான் எந்திரிச்சேன்" என்றான். அப்புறம், யாரிடமோ சொல்வது போல, "கூப்பிட்டவ யாரோ, அவகிட்டச் சொல்லு. ஆயுசு ஒண்ணும் குறையல. எதுக்கும் இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு" என்றான்.

அடுப்பங்கரையில் ஒரு தட்டு விழுந்து, உருண்டு, வெகு நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த சிரிப்பை வெற்றிலைச் செல்லத்துக்குள் குனிந்து மறைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்குச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். மறுபடியும் அந்த ஜன்னல், அதே கேள்வி. பாட்டுக் கட்டிக்கொண்டு போவோமா என்று கேட்டேன். "பாட்டு வேண்டாம் அத்த" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

இப்போது காகிதம் தீரப்போகிறதாம். "கடைசியா உம் புருசன் பேர எழுது" என்று சொல்லியிருக்கிறேன். வெகு நேரமாகப் பேனா அசையவில்லை. தெருவில் ஐஸ்காரன் போகிறான், செல்லம் காசு கேட்கிறாள், இவள் அசையவில்லை. இதோ, பேனா உரசுகிற சத்தம்.

"எழுதிட்டியாட்டி?"

"எழுதிட்டேன் அத்த."

எழுதினாளா, எழுதினதாகச் சொன்னாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுக்கும் தெரியாது, கண் இருந்தாலும் எழுத்துத் தெரியாது. வாசகசாலையில் படிக்கிறவரே, உங்களுக்குத்தான் தெரியும். கீழே ஏதாவது இருந்தால், அந்தக் கடைசி ஆட்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி, உரக்கப் படியுங்கள்.

ஆறுமுகம்.